செய்மதிக்குத் தற்றுணிபு தகுமா?

ஒருவருக்குத் தற்றுணிபு வழங்குதல் எளிதிற் செய்யத்தக்க காரியம் அன்று. கந்தோரில் அமர்ந்து பதிவேடு எழுதும் எழுதுவினைஞருக்கு விதிப்புத்தகம் ஒன்றே போதும். அதிற் கண்டவாறு அவர் நடப்பார். அரசாங்க அதிபருக்கோ நீதவானுக்கோ அது போதாது. விதி பேசாது நிற்கும் இடத்தில் நிலைமையை நோக்கித் தாமே முடிவு செய்யும் உரிமை அவர்க்கு வேண்டும். அவ்வுரிமையையே தற்றுணிபு என்கின்றோம். ஆயின், அதனைக் கையளிக்கும்போதே அதனின்றும் பிரிக்கவொண்ணாத இன்னொன்றையும் நாம் கையளித்து விடுகின்றோம். அதுவே பொறுப்பு. “இதனை ஏன் செய்தீர்?” என்று வினவப்படுமிடத்து எழுந்து நின்று விடை கூறவேண்டிய கடமையின்றித் தற்றுணிபு இல்லை. இவ்விரண்டும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள் போல்வன.

கடந்த கால் நூற்றாண்டில் விஞ்ஞானிகள் இவ்விரண்டையும் பிரித்து, தற்றுணிபை மட்டும் இயந்திரத்துக்கு வழங்கத் தலைப்பட்டுள்ளனர். நீர்த்தாங்கி நிரம்பியவுடன் தானே நின்றுவிடும் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பற்றி நான் கூறவில்லை. அது தன்னியக்கம்; எழுதுவினைஞரின் விதிப்புத்தகம் போன்றது. எந்தத் திசையில் அணுகுவது, எப்பொழுது பின்வாங்குவது, எஞ்சிய எரிபொருளை எதற்குச் செலவிடுவது என்பனவற்றைத் தானே ஆராய்ந்து துணியும் இயந்திரத்தைப் பற்றியே இங்குக் கூறுகின்றேன். அத்தகைய இயந்திரம் படைத்துறையின் கையில், நமது தலைக்கு மேலே எண்ணூறு கிலோமீற்றர் உயரத்தில் உலவுமாயின், அதன் செயலுக்கு விடை கூறுவோர் யாவர்? இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களும் இன்று கல்லூரியிற் பயிலும் இளைஞர்களும் சிந்திக்கவேண்டிய வினா இது எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

2005ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆந் திகதி, கலிபோர்னியாவில் உள்ள வண்டன்பேர்க் தளத்திலிருந்து மினோற்றோர் என்னும் ஏவுகலம் ஒன்று புறப்பட்டது. அது சுமந்து சென்றது எக்ஸ்.எஸ்.எஸ்.-11 எனப் பெயரிய சிறிய செய்மதி. அமெரிக்க ஆகாயப்படையின் ஆராய்ச்சிக்கூடத்துக்காக லொக்கீட் மாட்டின் நிறுவனம் அதனை ஆக்கியது. ஏறக்குறைய 100 கிலோகிராம் நிறையுள்ள சிறிய பொருள் அது. ஆயினும் அதற்கு இடப்பட்ட பணி சிறிதன்று. விண்வெளியில் இன்னொரு பொருளைத் தேடிச் சென்று, அதனை நெருங்கி, அதைச் சுற்றி வந்து, படம் பிடித்து, மீளவும் விலகிச் செல்லவேண்டும். இவற்றுட் பெரும்பகுதியைத் தரையிலுள்ளோர் கைபிடித்து நடத்தாமல் தானே திட்டமிட்டு நிறைவேற்றவேண்டும். இதன் பொருட்டுக் கமராவும், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் கருவியும், பயணத்தைத் திட்டமிடும் கணனியும் அதனுட் பொருத்தப்பட்டன. தன்னைச் சுமந்து வந்த ஏவுகலத்தின் எரிந்து முடிந்த கட்டத்தையே முதற்கண் இலக்காகக் கொண்டு, அதனை அரைக் கிலோமீற்றர் முதல் ஒன்றரைக் கிலோமீற்றர் வரையான தூரத்தில் 75 முறைக்கு மேல் அது வலம் வந்தது. இதற்கு முன்னோடியாய், 2003ஆம் ஆண்டு சனவரி 29ஆந் திகதி ஏவப்பட்ட எக்ஸ்.எஸ்.எஸ்.-10 என்னும் இன்னுஞ் சிறிய செய்மதி, ஒரு நாள் அளவே உயிர்த்திருந்து, தனது ஏவுகலத்தின் இரண்டாங் கட்டத்தை ஏறத்தாழ 35 மீற்றர் வரை அணுகிப் படம் எடுத்திருந்தது.

தரையிலுள்ள மனிதனே இவற்றை நடத்தலாகாதோ எனச் சிலர் வினவக்கூடும். எண்ணூற்றைம்பது கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் பொருள் ஒரு செக்கனில் ஏழு கிலோமீற்றருக்கு மேற் கடக்கின்றது. பூமியை ஒரு முறை சுற்றி வர ஏறத்தாழ 102 நிமிடங்கள் எடுக்கின்றது. ஒரு நிலையத்தின் வானத்தில் அது தோன்றி மறையும் காலம் பதினைந்து நிமிடங்கள் அளவே. எஞ்சிய நேரமெல்லாம் அந்நிலையத்துக்கு அது கண்காணாப் பொருள். மேலும், விண்வெளியில் ஒன்றை அணுகும் முறை வீதியில் முன்னே செல்லும் வண்டியை எட்டிப் பிடிக்கும் முறையன்று. முன்னே செல்லும் பொருளை எட்ட விரும்பி வேகத்தைக் கூட்டினால் நமது பாதை உயர்ந்து, சுற்றும் காலம் நீண்டு, நாம் பின்தங்கி விடுவோம். எட்டிப் பிடிக்க வேண்டுமாயின் முதலில் வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த பாதையில் இறங்கி, முந்திச் சென்று, பின்னர் உயரவேண்டும். பாதையைச் சிறிது நீள்வட்டமாக்கிக் கொண்டால், எரிபொருள் சிறிதும் செலவிடாமலே ஒரு சுற்றுக்கு ஒரு முறை இலக்கை வலம் வரலாம். எக்ஸ்.எஸ்.எஸ்.-11 வலம் வந்த முறை இதுவே. இத்தகைய நுண்கணக்குகளைக் கணத்துக்குக் கணம் செய்யவேண்டிய இடத்தில், அவ்வப்போது பதினைந்து நிமிடம் மட்டுமே கண்ணுக்கெட்டும் ஒன்றைத் தரையிலிருந்து வழிநடத்துதல் அரிது. ஆதலின் இயந்திரத்துக்கு ஓரளவு சுயபுத்தி வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை.

இதனால் விளையும் நன்மையையும் மறுத்தல் நேர்மையாகாது. 2007ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓபிற்றல் எக்ஸ்பிரஸ் என்னும் சோதனை தொடங்கியது. இதுவும் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி முயற்சியே. அஸ்ட்றோ, நெக்ஸ்ற்சற் என இரு செய்மதிகள் ஒன்றாக ஏவப்பட்டன. அஸ்ட்றோ என்பது மருத்துவன்; மற்றையது நோயாளி. அஸ்ட்றோ மற்றையதற்கு எரிபொருள் ஊட்டியது. இயந்திரக் கையால் மின்கலத்தை மாற்றிப் பொருத்தியது. பிரிந்து சென்று மீண்டும் தேடி வந்து பிணைந்துகொண்டது. பழுதுற்ற செய்மதியை எறிந்துவிடாமற் பேணும் காலம் வருமாயின், அதற்கு வித்திட்டது இச்சோதனை எனலாம். அவ்வாறே, 2007இல் ஏவப்பட்ட அமெரிக்க எச்சரிக்கைச் செய்மதி ஒன்று மறு ஆண்டிற் செயலிழந்து உயர்ந்த பாதையில் மிதந்தபோது, 2008ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களுடைய சிறு செய்மதிகளே அதனை நெருங்கிப் பார்வையிட்டன. தன் பொருளைத் தானே சென்று பார்த்தலில் யாருக்கும் குறையில்லை.

ஆயின் நாணயத்தின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். எக்ஸ்.எஸ்.எஸ்.-11 ஏவப்பட்டு நான்கே நாள்கள் கழிந்தபின், 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி, அதே வண்டன்பேர்க் பகுதியிலிருந்து நாசா நிறுவனத்தின் டார்ட் என்னும் கலம் விண்ணேறியது. படைத்துறைக்கு உரியதன்று எனினும் நோக்கம் ஒன்றே: தானே சென்று ஒரு செய்மதியை நெருங்குதல். 1999இல் ஏவப்பட்டு வானிற் சுற்றிக் கொண்டிருந்த மப்ல்கொம் என்னும் செய்மதி இலக்கு. இருபத்துநான்கு மணி நேரம் நிகழவேண்டிய சோதனை அது. ஏறத்தாழப் பதினொரு மணி நேரத்தில் டார்ட் தனது எரிபொருள் தீர்ந்தது எனக் கண்டு தானே விலகிச் செல்லத் தொடங்கியது. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னரே அது மப்ல்கொம் மீது மோதியிருந்தது! மோதியதை அது அறியவில்லை. தரையிலிருந்தோரும் அப்பொழுது அறியவில்லை. ஏறக்குறைய 11 கோடி டொலர் செலவிட்ட முயற்சி இவ்வாறு முடிந்தது.

விசாரணைக் குழு 2006இல் வெளியிட்ட முடிவுகள் நமக்குப் பெரும் பாடமாவன. கலத்தின் வேகத்தை அளந்த கருவி செக்கனுக்கு 0.6 மீற்றர் அளவு பிழையான எண்ணைத் தந்து கொண்டிருந்தது. கணனி தான் கணித்ததும் கருவி கூறியதும் வேறுபடுவதைக் கண்டு, தன் கணக்கை அழித்து, கருவியின் பிழையான எண்ணையே ஏற்றுக்கொண்டு மீண்டும் தொடங்கியது, மீண்டும் வேறுபாடு, மீண்டும் அழிப்பு. இத்தடுமாற்றத்தில் எரிபொருள் கரைந்தது. அருகிற் சென்றபின் நுண்ணிய பார்வைக் கருவிக்கு மாறுவதற்காகக் குறிக்கப்பட்டிருந்த ஓரிடத்தை அது சிறிது விலகிக் கடந்தமையால், அக்கருவியின் முழுப் பார்வையும் அதற்குக் கிட்டவேயில்லை. மோதலைத் தடுக்கவென ஒரு காவலும் அதனுள் இருந்தது. ஆனால் அக்காவலும் அதே பிழையான எண்களையே நம்பியிருந்தது. திருடனையே சாட்சியாக அழைத்து விசாரித்த கதையாயிற்று. இவை எல்லாவற்றினும் முக்கியமானது இது: தரையிலிருந்து கட்டளை ஏற்கும் வசதி டார்ட் கலத்துக்கு வைக்கப்படவேயில்லை. தவறு நடப்பதைத் தரையிலிருந்தோர் கண்டிருந்தாலும், “நில்!” என்று கூற அவர்க்கு வாயில்லை.

இந்த இடத்தில் ஓபிற்றல் எக்ஸ்பிரஸ் சோதனையை மீண்டும் நினைத்துப் பார்க்க. அதனை நடத்தியோர் அஸ்ட்றோவுக்கு எடுத்த எடுப்பிலே முழுச் சுதந்திரம் வழங்கவில்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு முக்கிய படியிலும் அது நின்று, தரையின் அனுமதியைப் பெற்றே முன்சென்றது. அது நன்கு நடந்துகொண்டதைக் கண்டபின் அனுமதி வேண்டிய படிகளைச் சிறிது சிறிதாகக் குறைத்தனர். மே மாதத்தில், இரு செய்மதிகளும் பிரிந்திருந்த வேளையில், அஸ்ட்றோவின் கணனி ஒன்று பழுதுற்றது. அது பின்வாங்கியது, இரண்டும் பல கிலோமீற்றர் தூரம் விலகிப் போயின. ஆயினும் தரையிலிருந்த பொறியியலாளர் தலையிட்டுச் சில நாள்களில் அவற்றை மீண்டும் இணைத்தனர். இரு கலங்களிலும் பிழை நேர்ந்தது. ஒன்று மோதலில் முடிந்தது. மற்றையது மீட்பில் முடிந்தது. வேறுபாடு இயந்திரத்தின் அறிவில் மட்டும் இருந்ததன்று. பயிற்சி ஆசிரியர் புதிய மாணவனிடம் வகுப்பை ஒப்படைக்கும் முறை ஒன்று உண்டு: முதலிற் பின் வாங்கில் அமர்ந்திருப்பார், பின்னர் வாயிலில் நிற்பார், அதன் பின்னரே அப்பாற் செல்வார். ஓபிற்றல் எக்ஸ்பிரஸ் அவ்வாறு நடத்தப்பட்டது. டார்ட் கலத்தின் ஆசிரியரோ முதல் நாளே கதவைப் பூட்டித் திறப்பையும் எறிந்துவிட்டார்.

இதற்கு எதிராக ஒரு வாதம் கூறப்படும். மனிதனும் தவறுகின்றான், இயந்திரமோ களைப்பதில்லை, உறங்குவதில்லை, அஞ்சுவதில்லை, இன்று வானில் ஆயிரக்கணக்கான வணிகச் செய்மதிகள் மோதலைத் தவிர்க்கத் தாமே விலகி நடக்கின்றன, ஆதலால் மனிதனை இடையிற் புகுத்துவது வீண் என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. விலகி நடப்பதற்கு இயந்திரத்தின் விரைவு நல்லதே. ஆனால் விலகி நடத்தல் வேறு. நெருங்கிச் செல்லுதல் வேறு. வீதியில் எதிர்ப்படுவோருக்கு ஒதுங்கி வழிவிடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பிறர் வளவினுட் புகுவதற்குப் படலையில் நின்று குரல் கொடுத்தல் வேண்டும்.

அச்சமும் ஐயமும் மனிதனின் குறைகள் என எண்ணுவோருக்கு 1983ஆம் ஆண்டு செத்தெம்பர் 26ஆந் திகதி நிகழ்ந்ததை நினைவூட்ட விரும்புகின்றேன். அன்று சோவியத் நாட்டின் எச்சரிக்கைச் செய்மதிகள், அமெரிக்காவிலிருந்து ஏவுகணைகள் புறப்பட்டுவிட்டன என அறிவித்தன. கடமையிலிருந்த அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், தாக்குதல் தொடுப்போர் ஐந்து ஏவுகணைகளோடு நிறுத்துவரோ என எண்ணி, அவ்வறிவிப்புப் பொய்யானது என முடிவு செய்தார். உயர்ந்த முகில்களிற் பட்டுத் தெறித்த ஞாயிற்றின் ஒளியே இயந்திரத்தை மயக்கியது எனப் பின்னர் தெரியவந்தது. இயந்திரம் தனக்குக் கற்பிக்கப்பட்டவாறு பிழையின்றியே நடந்தது. ஐயுறும் ஆற்றல் மட்டும் அதற்கில்லை. அன்று உலகைக் காத்தது ஒரு மனிதனின் ஐயமே.

படைத்துறைச் செய்மதியிடத்து இந்த ஐயம் இன்னும் பெரிதாகின்றது. ஏனெனில் அங்கு உடலைக் காணலாம், உள்ளத்தைக் காணமுடியாது. பழுது பார்க்க நெருங்கும் செய்மதியும் பாழாக்க நெருங்கும் செய்மதியும் கடைசி மீற்றர் வரை ஒரே பாதையிலேயே வரும். எரிபொருள் ஊட்டும் கை குழாயை முறிக்கவும் வல்லது. எக்ஸ்.எஸ்.எஸ்.-11 பரிசோதனைக்கும் பராமரிப்புக்கும் உரியது என்றே அதனை ஏவியோர் கூறினர். இதே திறமை பிறர் செய்மதியை அழிக்கவும் பயன்படும் என அந்நாட்டிலேயே பலர் சுட்டிக்காட்டினர். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரசியாவின் கொஸ்மொஸ் 2542 என்னும் செய்மதியும் அதனின்றும் பிரிந்த ஒன்றும் தமது அரசாங்கச் செய்மதி ஒன்றைத் தொடர்ந்தபோது, அதே அமெரிக்கரே முறைப்பாடு செய்தனர். 2022ஆம் ஆண்டு சனவரியிற் சீனாவின் சிஜியன்-21, தமது நாட்டின் செயலிழந்த செய்மதி ஒன்றைப் பற்றி இழுத்துச் சென்று ஒதுக்குப்புறத்தில் விட்டது. பயனுள்ள துப்புரவுப் பணி எனச் சிலர் பாராட்டினர். உயிருள்ள செய்மதியையும் இப்படி இழுக்கலாமே எனச் சிலர் கலங்கினர். ஒவ்வொரு நாடும் தனது செய்மதியை மருத்துவன் என்கிறது. அயலானின் செய்மதியைக் கொலைஞன் என்கிறது. இந்நிலையில், நெருங்கி வருவது எவருடைய கட்டளையும் இன்றித் தானே துணிந்து வருகின்றது எனின், அதனைக் காண்போர் எதனை நம்புவர்? ஒரு கணனியின் தடுமாற்றம் ஒரு படையெடுப்பாகக் கொள்ளப்படலாம். இதுவே யான் அஞ்சும் ஆபத்து.

சட்டம் இதற்கு என்ன கூறுகின்றது? 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, தன் நாட்டார் விண்வெளியிற் செய்யும் எச்செயலுக்கும் அந்நாட்டு அரசே பொறுப்பு என விதிக்கின்றது. பிறருக்கு இடையூறு நேரக்கூடும் எனக் கருதினால் முன்னரே கலந்தாலோசிக்கவும் வேண்டும் என்கின்றது. 1972ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கை, விண்ணிலிருந்து விழும் பொருளால் தரையில் விளையும் கேட்டுக்கு ஏவிய நாடு எவ்வித நிபந்தனையுமின்றி ஈடு செய்யவேண்டும் என்கின்றது. 1978இல் சோவியத் நாட்டின் கொஸ்மொஸ் 954 கனடாவில் விழுந்து கதிரியக்கப் பொருள்களைச் சிதறியபோது, 1981இல் 30 இலட்சம் கனேடிய டொலர் இழப்பீடாகக் கொடுக்கப்பட்டது. ஆனால் கேடு விண்வெளியிலேயே நிகழுமாயின், ஏவிய நாட்டின் தவறு நிரூபிக்கப்படல் வேண்டும். இங்குதான் இடர் பிறக்கின்றது. “எமது அதிகாரிகள் எவரும் அவ்வாறு கட்டளையிடவில்லை, செய்மதி தானே அவ்வாறு துணிந்தது” என்று ஓர் அரசு கூறினால், தவறு யாருடையது? எழுதிய நிரலினதா, எழுதியவரினதா, ஏவியவரினதா? இவ்வாறு ஒருவர் மற்றவரைச் சுட்டிக்கொண்டிருக்க, சிதறிய துண்டுகள் வானத்தை நிறைத்துக் கொண்டிருக்கும். 2009ஆம் ஆண்டு பெப்ருவரி 10ஆந் திகதி, செயலிழந்த இரசியச் செய்மதி ஒன்றும் அமெரிக்கத் தொடர்பாடற் செய்மதி ஒன்றும் மோதியபோது ஏறக்குறைய 2,000 துண்டுகள் பிறந்தன. அத்துண்டுகளுக்கு நட்பு நாடும் பகை நாடும் ஒன்றே.

எனவே எனது கருத்து இது. செய்மதிக்குத் தற்றுணிபு கொடுக்கலாம். பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தல் ஆகாது. இதன் பொருட்டு நான்கு கட்டுப்பாடுகள் வேண்டும். முதலாவது, பிறிதொன்றை நெருங்க வல்ல எச்செய்மதியும் தரையிலிருந்து “நில்” என்னும் கட்டளையை ஏற்கும் வசதி உடையதாதல் வேண்டும். இரண்டாவது, அதன் காவற்கருவி அதன் வழிகாட்டும் கருவியினின்றும் வேறான கண் உடையதாதல் வேண்டும். மூன்றாவது, அயல் நாட்டுச் செய்மதியைக் குறித்த தூரத்துக்குள் நெருங்குமுன் அந்நாட்டுக்கு அறிவித்தல் வேண்டும். அறிவியாது நெருங்குதல் குற்றமாகக் கொள்ளப்படல் வேண்டும். நான்காவது, இயந்திரம் தானே துணிந்தது என்பது ஒரு நாளும் நியாயமாக ஏற்கப்படலாகாது; அதனைத் துணியவிட்ட அரசே அதன் துணிவுக்கு உடையது.

சிறு நாட்டினராகிய நமக்கு இவற்றில் என்ன பங்கு எனக் கேட்கலாம். விண்வெளியில் ஆயுதப் போட்டியைத் தடுத்தல் என்னும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச் சபையிற் பல ஆண்டுகளாக எகிப்தும் இலங்கையும் முறைமாறி முன்வைத்து வந்துள்ளன. ஏவுகலம் இல்லாத நாட்டுக்கும் குரல் உண்டு என்பதற்கு இது சான்று. வானிலை அறிவதற்கும் கடலிற் செல்வோர் வழி அறிவதற்கும் இன்று நாமும் செய்மதிகளையே நம்பியிருக்கின்றோம். அந்த வானம் பாழாகுமாயின் வல்லரசுகளோடு நாமும் இழப்போம். இழப்பவனுக்குப் பேசும் உரிமை உண்டு.

இக்கல்லூரியின் ஆய்வுகூடங்களிலிருந்து வெளியேறும் மாணவருட் சிலர் நாளை கணனிக்கு நிரல் எழுதுவர். சிலர் சட்டம் பயின்று உடன்படிக்கைகளை வரைவர். முன்னையவருக்குச் சொல்லக்கூடியது: நீங்கள் இயந்திரத்துக்கு எத்துணை அறிவு புகட்டினும், அதனை நிறுத்தும் திறப்பை உங்கள் கையிலே வைத்திருங்கள். பின்னையவருக்குச் சொல்லக்கூடியது: இயந்திரத்தின் பின்னே ஒளிந்து நிற்கும் மனிதனை வெளியே அழைத்துக் கேள்வி கேட்கும் சட்டத்தை ஆக்குங்கள். இவ்விரண்டும் நிறைவேறுமாயின், தானே துணியும் செய்மதியைக் கண்டு நாம் அஞ்சவேண்டியதில்லை.